அப்பா மறைத்த எக்ஸ்ரே

என் பாசமுள்ள அப்பா,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

போன வாரம் திருநெல்வேலியில் என் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டு இரண்டு பக்கமும் அரித்து, பாதி மூடிவிட்டதாம். மேலே எலும்புக்கு எலும்பு பாலம் கட்டத் தொடங்கியிருக்கிறது.

"முழுசா ஒட்டிட்டா முதுகு மூங்கில் மாதிரி ஆயிரும்மா. உங்க வீட்ல வேற யாருக்கும் உண்டா?"

"அப்பா கழுத்தைத் திருப்ப மாட்டாவ சார், உடம்போட திரும்புவாவ. கடைக்கு வாறவங்க அதைக் கம்பீரம்பாவ" என்றேன்.

சங்கரன்கோவிலில் நம் வீட்டுக்கு வந்ததும் உங்கள் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் பழுப்பு உறை, உள்ளே உங்கள் படம். கணு கணுவாக மூங்கிலேதான். தேதி, என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தி. கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த உடற்பயிற்சித் தாள், மடிப்பெல்லாம் கிழிந்து. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் செய்தது பூஜை இல்லையா, அப்பா?

அம்மாவிடம் கேட்டேன். "ஏட்டி, வெளிய தெரிஞ்சா ராயகிரிக்காரங்க உன்னை எடுத்திருப்பாவளா? உன் நல்லதுக்குத்தான் மறைச்சாவ" என்றாள்.

கல்யாணமான புதிதில், ராயகிரியில் மாமியார் வீட்டில், விடிந்ததும் என்னால் குனிந்து வாசல் பெருக்க முடியவில்லை. சோம்பேறி என்று மாமியார் என்னை உங்களிடம் திருப்பி அனுப்பினார். அன்று தெருவே கேட்க நீங்கள் சொன்னீர்கள்: "இவளுக்கு நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலைக்குக் கள்ளம். நானே கொண்டு விடுதேன்." அடுத்த பஸ்ஸில் கொண்டுபோய் விட்டீர்கள். வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாததாலா?

அப்போதே பயிற்சி தொடங்கியிருந்தால் இவ்வளவு இறுகியிருக்காது என்கிறார் டாக்டர். அந்தத் தாளை என்னிடம் ஒருநாள், ஒரே ஒருநாள், காட்டியிருக்கக் கூடாதா?

இப்போது தங்கை செல்விக்கும் காலையில் முதுகு பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாயைத் திறக்காதே என்கிறாள் அம்மா. செல்வியோ, "நானே சொல்லுதேன்க்கா. வேண்டாம்னா போகட்டும்" என்கிறாள். திங்கட்கிழமை அவளை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போகிறேன்.

அவளை வேலைக்கள்ளி என்று யாரும் சொல்ல விடமாட்டேன். யார் கேட்டாலும், "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, எங்ககிட்ட சொல்லல" என்றே சொல்லுவேன். இது சத்தியம்.

நீங்கள் நம்பாத உங்கள் மூத்த மகள்,
கோமதி