கை முந்திவிட்டது

ஆயர் குரோ
3 ஆகஸ்டு 2025

அன்புள்ள பேட்,

உன் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கோலா சுங்கை பாருவில் கடல்காற்று வாங்கிக்கொண்டு நீயாவது கொஞ்சம் தூங்குகிறாயா?

விசாரணை முடியும்வரை நாம் இருவரும் போனில் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று நம் மேலாளர் கணேஸ்வரன் சொன்னார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. தபால் கவுண்டரில் ஸ்டாம்ப் கேட்டேன். அங்கிருந்த மலாய்ப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பதினான்கு வருடமாக என் இடது பக்கத்து மேசையில் நீ. இப்போது அங்கே உன் நாற்காலி மட்டும் இருக்கிறது. உன் கணினியை எடுத்துப் போய்விட்டார்கள். டயாலிசிஸ் நிலையங்களுக்கு நாம் எழுதிக் கொடுத்த மென்பொருள் ஒரு மனிதரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. தங்கையா என்று பெயராம். உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய நீரைவிட இரண்டு லிட்டர் அதிகமாக எடுக்கச் சொல்லியிருக்கிறது நம் கணக்கு. நாற்காலியிலேயே மயங்கிவிட்டார். ஆறு நாள் மருத்துவமனை.

கடைசியாக அந்த மென்பொருளைத் தொட்டவள் என்பதால் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான். மனதைத் தளரவிடாதே.

இன்று நம் ஜப்பானிய வில் பயிற்சிக்குப் போனேன். ஹாலில் நான், நமக்குக் கற்றுத்தரும் சுகுமாரன், இன்னும் இரண்டு பேர். எனக்கு ஒரு தொல்லை வந்திருக்கிறது. நாணை முழுதாக இழுத்து, அப்படியே அசையாமல் நிற்க வேண்டும் இல்லையா? நிற்க முடியவில்லை. முழுதாக இழுக்கும் முன்பே விரல் விட்டுவிடுகிறது. "கை முந்துதுலா தேவி" என்று சுகுமாரன் சிரித்தார். ஒசாகாவில் அவர் வேலை செய்த ஆறு வருடத்தில் இந்த நோய் வந்து வில்லையே மூட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

எழுது.

உன்
தேவி அக்கா


கோலா சுங்கை பாரு
8 ஆகஸ்டு 2025

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவே தபால்காரரிடம் வாங்கினார். "யாருடி உனக்குக் கையால எழுதறது, கல்யாண விஷயமா?" என்று கேட்டார். முப்பத்தொன்பது வயதிலும் அந்த ஆசை விடவில்லை.

கை முந்துவது எனக்கும் முதல் வருடம் வந்தது, மறந்துவிட்டீர்களா? ஒரு மாதம் அம்பு வைக்காமல் வெறுமனே இழுத்துப் பாருங்கள். விடவே கூடாது. இழுத்து, எண்ணி, மெல்லத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நிற்பேன். மீன் காயவைக்கும் பக்கத்து வீட்டு அக்காள் பார்த்துவிட்டு, "அம்பும் இல்ல, வில்லும் இல்ல, எதைலா சுடற?" என்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் தெரிந்ததுதான். எடைக் கணக்குப் பகுதியை நான் ஏஐயைக் கொண்டு எழுதவில்லை. திரையின் நிறம், அறிக்கையின் அச்சு, அந்த மாதிரி வேலைக்குத்தான் அதைப் பயன்படுத்தினேன். ஏஐ பற்றி நீங்கள் அலுவலகத்தில் போடும் சண்டையில் பாதி நியாயம் இருக்கிறது என்று எப்போதும் சொல்லியிருக்கிறேன். மனித உடம்பைத் தொடும் இடத்தில் நான் அதை விடமாட்டேன்.

கணேஸ்வரன் கேட்டால் நீங்கள் சொல்லுங்கள், அக்கா. உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

உங்கள்
பேட்


ஆயர் குரோ
14 ஆகஸ்டு 2025

அன்புள்ள பேட்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதற்கு முன்தினம், திங்கட்கிழமை, என்னை அழைத்து வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள். ஒரு மணி நேரம். வெளியிலிருந்து வந்த இரண்டு பேர், கணேஸ்வரன், நான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஏஐ பற்றி என் கருத்தைக் கேட்டார்கள். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். எதைக் கேட்டாலும் அதற்கு உடனே ஒரு பதில் இருக்கிறது. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஒன்றை நோயாளியின் பக்கத்தில் வைக்கக் கூடாது. தப்பு நடந்தால் யாரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பது? அவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

ரப்பர் கயிறு வாங்கியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்குள் கை விட்டுவிடுகிறது. தோளெல்லாம் வலி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். சாப்பிடு.

தேவி அக்கா


கோலா சுங்கை பாரு
21 ஆகஸ்டு 2025

தேவிஸ்ரீ அவர்களுக்கு,

என் விளக்கத்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு வந்திருக்கிறது. நிரலின் அச்சுப் பிரதி அறுபது பக்கம். அதற்கு மேல் உங்கள் வாக்குமூலம்.

"எடைக் கணக்குப் பகுதியை பாட்ரீசியா ஏஐ கருவியைக் கொண்டு எழுதினார். இது ஆபத்து என்று நான் அவரைப் பலமுறை எச்சரித்தேன்." கீழே உங்கள் கையெழுத்து. அந்த 'தே'யின் கொம்பை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

நினைக்கிறேன் என்று ஓர் இடத்தில் இல்லை. இருக்கலாம் என்று ஓர் இடத்தில் இல்லை. என்னிடம் கேட்டீர்களா? பக்கத்து மேசைதானே. என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று கார் நிறுத்துமிடம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அப்போது கேட்டிருக்கலாம். ஆகஸ்டு மூன்றாம் தேதி ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, அம்மாவின் முட்டிவலியைக் கேட்டீர்கள். இதையும் கேட்டிருக்கலாம்.

வாக்குமூலம் கொடுத்த பிறகு எனக்கு எழுதியபோது 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்றீர்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஈஸ்டருக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த சேலையைத்தான் இந்த ஞாயிறு பூசைக்குக் கட்டப்போகிறாராம்.

பாட்ரீசியா


கோலா சுங்கை பாரு
25 ஆகஸ்டு 2025

தேவிஸ்ரீ அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று நாளாக அந்த அறுபது பக்கத்தையும் பென்சிலோடு படித்தேன். முப்பத்து நான்காம் பக்கம். தாதி ஒரு நோயாளியின் இலக்கு எடையை, அதாவது நீர் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, ஒரே நாளில் இரண்டு முறை பதிந்தால், நம் நிரல் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை வைத்துக்கொள்கிறது. தங்கையாவுக்கு அன்று நடந்தது அதுதான். ஐம்பத்தொன்பது கிலோ இருக்க வேண்டிய இடத்தில் தாதி தவறி ஐம்பத்தேழு என்று அடித்தார். உடனே திருத்தினார். திருத்தியது உள்ளே போகவில்லை. அந்த இரண்டு கிலோதான் இரண்டு லிட்டர்.

அந்த வரிகளை நான் எழுதவில்லை. ஏஐயும் எழுதவில்லை. பக்கத்தின் மேலே தேதி இருக்கிறது: மார்ச் 2019. பெயரின் முதலெழுத்துகள் உங்களுடையவை.

இன்னொன்றும் உண்டு. போன நவம்பரில் பழைய நிரலை ஏஐயிடம் படிக்கக் கொடுத்து, அது தந்த நாற்பத்தொரு சந்தேகங்களை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் முதல் பத்தைப் பார்த்தீர்கள். பத்தும் குப்பை, உண்மைதான். "கிளி சீட்டு எடுக்கற மாதிரி எடுத்துப் போட்டிருக்கு, தூக்கிப் போடு பேட்" என்றீர்கள். நானும் போட்டேன். பதினேழாவது இந்த வரிகளைப் பற்றியது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை வாதாடாமல் தூக்கிப் போட்டது என் குற்றம். அதை என் விளக்கத்தில் எழுதுவேன்.

ஒரே நாளில் எடையைத் திருத்தினால் கையால் கணக்குப் பாருங்கள் என்று எல்லா நிலையங்களுக்கும் சொல்லும்படி கணேஸ்வரனுக்கு இன்று காலையே தகவல் அனுப்பிவிட்டேன். அது காத்திருக்க முடியாத விஷயம். யார் எழுதியது என்று அதில் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்ல வேண்டும். செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் விளக்கம் கொடுக்க வேண்டிய நாள். அதுவரை பொறுப்பேன்.

பாட்ரீசியா


ஆயர் குரோ
3 செப்டம்பர் 2025

பேட்,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த உரிமை இப்போது எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் 2019 கோப்பைத் திறந்தேன். ஆறு வரி. படித்தவுடன் தெரிந்தது. அதை எழுதிய நாள்கூட நினைவுக்கு வந்தது, அப்பாவுக்குக் கண் அறுவை நடந்த வாரம். மறுநாள் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு நாள் ஒன்றும் செய்யவில்லை. அதையும் நீ தெரிந்துகொள். சனி, ஞாயிறு, மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறை என்று வீட்டிலேயே இருந்தேன். என் மின்னஞ்சலில் கிடந்த அந்த ஏஐ பட்டியலை அச்சடித்து நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பது குப்பை என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு குப்பை. பதினேழாவது உண்மை. இன்னும் இரண்டு என்னவென்று எனக்கே விளங்கவில்லை.

நேற்று கணேஸ்வரன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும் தேவி. பேட் அனுப்புன அன்னைக்கே பார்த்துட்டேன். பேர் மேலயே இருக்கே."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிடல?"

"எதுக்குலா? ஏஐ தப்புன்னு ரிப்போர்ட் ரெடியா இருக்கு. யாருக்கும் வேலை போகாது. பேட்டுக்கு ஒரு வார்னிங் லெட்டர், முடிஞ்சிச்சு. நீங்கதானே வருஷக்கணக்கா அது ஆபத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க? இப்ப எல்லாரும் ஒத்துக்கறாங்க. சந்தோஷமா போங்க."

பேட், ஒரு நிமிடம் நான் அந்த நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் முழுதாக. அவர் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று உன்னைத் தவிர யாருக்கும் சொல்ல முடியாது. நான் சொல்லிவந்த எல்லாவற்றுக்கும் அந்த அறிக்கை சாட்சியாக நிற்கும். யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த இயந்திரமும் மறுக்காது.

"அது என் கோடிங் சார். நான் எழுதித் தரேன், நீங்க வச்சுக்குங்க" என்றேன். அவர் முன்னாலேயே கையால் எழுதினேன். பழைய வாக்குமூலம் பொய் என்றும், அதை உன்னிடம் கேட்காமல் கொடுத்தேன் என்றும் எழுதினேன். ஒரு பிரதியை விசாரணைக்கு வந்த அந்த இருவருக்கும் அனுப்பினேன். இன்று என் கணினியையும் எடுத்துக்கொண்டார்கள்.

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ இல்லை என்றால், மிச்சமிருப்பது நான்தானே. இதை அப்போதே தெரிந்து செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

ஏஐ மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை இல்லை. அதே சந்தேகத்தோடு என் கையெழுத்தையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

தேவிஸ்ரீ


கோலா சுங்கை பாரு
15 செப்டம்பர் 2025

தேவி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. என்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த ஆறு வரியையும் நான்தான் திருத்தினேன். திருத்தியதை இரண்டு தாதிகளை வைத்து, ஒரு நாள் முழுக்க எடையை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். இப்போது சரியாக இருக்கிறது. திருத்தம் எல்லா நிலையங்களுக்கும் போய்விட்டது. இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். கணேஸ்வரன் கதவைச் சாத்திப் பேசியது என்னால் ஜீரணிக்க முடியாதது.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். அந்த ஒரு நிமிடத்தையும் சேர்த்து நம்புகிறேன். எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினீர்கள்.

நேற்று தங்கையாவைப் பார்க்கப் போனேன். பாயா ரும்புட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். முன்பு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவராம். அவர் மனைவி ராஜம்மா வாசலிலேயே நிறுத்தி, யார் என்று கேட்டார். சொன்னேன்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னுதானே சொன்னாங்க. மெஷின்தானாம்மா?"

"இல்லம்மா. நாங்கதான்."

திட்டுவார் என்று நினைத்தேன். "இதை எங்கிட்ட ஏன் சொல்ற, அவர்கிட்ட சொல்லு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

சொன்னேன். அந்த இரண்டு லிட்டரை, ஐம்பத்தேழை, ஐம்பத்தொன்பதை, எல்லாவற்றையும். தங்கையா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். அன்று கண் இருட்டியபோது கூப்பிட வாய் வரவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர்தான் கத்தினாராம். பிறகு, "நாங்கன்னு சொன்னியே, இன்னொருத்தர் எங்க?" என்று கேட்டார்.

வருவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன்.

உங்களோடு நான் அங்கே வரமாட்டேன், அக்கா. ஞாயிறு ஹாலுக்கும் வரமாட்டேன். உங்கள் பக்கத்தில் நின்று வில்லைத் தூக்க இப்போது எனக்கு மனமில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. காத்திருக்க வேண்டாம்.

முகவரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ். ஞாயிறு போங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு தூங்கிவிடுவார். காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லுங்கள்.

பாட்ரீசியா