ஜன்னலோரம் நீ வைத்துவிட்டுப் போன கிளாஸ்

ஷட்டில் பப், ஹாலிஃபாக்ஸ்
மே 19

அன்பு மகள் கெர்ரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், பூனை மூவரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்காலையும் இன்னொன்றையும் தவிர, அந்த இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை டேனும் சுகந்தானே? பூமிக்கு அந்தப் பக்கம் ஹோபார்ட்டில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய். கிறிஸ்மஸுக்கு வந்து போனதிலிருந்து நீ அப்பாவிடம்தான் பேசுகிறாய், போன் என் கைக்கு வந்தால் இங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நானும் மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். சில விஷயத்துக்கு எனக்கு வாய் வராது, கை வரும், அதனால்தான் காகிதம்.

முதலில் கடைச் சேதி. ஜனவரியில் பாருக்குப் பின்னால் சுவரில் எட்டுக் குழாய் வைத்தோம். ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் பீர் தயாரிக்கிறாளே ஃப்ரேயா, தலையில் ஒரு பக்கம் மட்டும் சிரைத்துக்கொண்டு திரிவாளே, அவளுடைய கிராஃப்ட் பீர்தான் எட்டிலும். ஒன்றில் மாம்பழ வாசனையாம், ஒன்றில் பைன் மரமாம், ஒன்று பார்க்கப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது, அதுதான் முதலில் தீர்கிறது. முன்பு பீர் லேசாகக் கலங்கியிருந்தாலே கிளாஸ் திரும்பி வரும், மன்னிப்புக் கேட்டு வேறு ஊற்றித் தருவோம். போன வாரம் ஒருவன் கலங்கல் போதவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தான். சின்னச் சின்னக் கிளாஸில் வாங்கி, குடிக்கும் முன் படம் எடுக்கிறார்கள். மற்றபடி நல்ல பிள்ளைகள், நாற்காலியை இழுத்த இடத்தில் திரும்பப் போடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் நம் பழைய ஆட்கள் மேல்தான். நிலவறைப் பீப்பாயிலிருந்து பீரை இழுக்கிற மூன்று கைப்பம்புகளையும் விட்டுவிட்டு ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் போய்விட்டார்கள். தபால்கார வால்டரைத் தெரியுமே, முப்பத்தோரு வருஷமாகக் கைப்பம்பில் வரும் பிட்டர் பீரைத் தவிர வேறு தொட்டதில்லை, அவரே ஒரு நாள் மாம்பழத்தைக் காட்டி, "சும்மா ஒரு மாறுதலுக்குத்தான் க்ளெண்டா, வயசான காலத்துல இதையும் பாத்துருவோமே" என்றார். பீப்பாயைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தீர வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும், நீ எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே தெரிந்துகொண்டது. யாரும் வாங்காததால் ஏழு நாள் எட்டு நாள் கிடந்தது. இருந்தும் தினம் காலையில் ஒரு கிளாஸ் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன், பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். பீரில் ஒன்றுமில்லை, காலம்தான் மாறிவிட்டது என்று முடிவு கட்டி, கைப்பம்புகளைக் கழற்றிக்கொண்டு போக ஒரு ஆளுக்குச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருவதாக இருந்தான்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்தார். நான் வினிகரை ஊற்றினேன், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் ஊற்றினேன். கடைக்காரன் வினிகரில் தண்ணீர் கலக்கிறான் என்று திட்டிக்கொண்டே ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இருமுகிறார். "ரூமே நாறுது க்ளெண்டா, உனக்குத் தெரியலயா?" என்றார். பாட்டிலை மூக்கில் வைத்து உறிஞ்சினேன். வெறும் காற்று. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நிலவறைக்கு இறங்கி மூன்று பீப்பாயிலிருந்தும் ஒவ்வொரு கிளாஸ் பிடித்து மேலே கொண்டுவந்தேன். அப்பா டீயைத் தவிர வேறு குடிக்காத மனுஷர், அதனால் இத்தனை நாள் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்றையும் முகர்ந்தார். பிறகு முதல் கிளாஸைக் காட்டி, "இத வறுவல் மேல ஊத்தலாம்" என்றார். மற்ற இரண்டும் அப்படித்தான்.

நவம்பரில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதில் மூக்கு முழுசாகவும் நாக்கு முக்கால்வாசியும் போயிருக்கிறது என்கிறார் டாக்டர். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இத்தனை மாதம் ஆனபிறகு சந்தேகம்தான் என்றார். பீப்பாயிலிருந்து கைப்பம்புக்கு வரும் குழாயைக் கழுவினால் சுத்தமாகிவிட்டதா என்று நான் முகர்ந்துதான் பார்ப்பேன், மூக்கே இல்லை என்றால் என்னத்தைப் பார்ப்பது, அந்த அழுக்கில்தான் பீர் புளித்திருக்கிறது. வியாழக்கிழமை காலை கைப்பம்பு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மத்தியானம் வால்டர் வந்ததும், எத்தனை நாளாக இது என்று நேராகக் கேட்டேன். தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே, "கிறிஸ்மஸுக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு க்ளெண்டா. உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான்..." என்று இழுத்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஜனவரியில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, என்னிடம் யார் சொல்வது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள், சீட்டு வால்டருக்கு விழுந்திருக்கிறது. சொல்ல வாய் வராமல் மனுஷர் நான்கு மாதமாக மாம்பழ பீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இத்தனை பேரில் என் முகத்துக்கு நேரே சொன்னது ஒரே ஒருத்தி. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் இரண்டு வாய் குடித்துவிட்டு, "லேசா புளிக்குதும்மா" என்று என் காதோடுதான் சொன்னாய். நான்தான் பார் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அங்க போய் ஐஸ் பீர் குடிச்சுக் குடிச்சு உனக்கு நாக்கு செத்துப் போச்சுடி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், புளிக்கிறது என்று தெரிந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நீ கிளாஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். மறுநாள் காலை அதை எடுத்துக் கழுவியது நான்தான். அப்போதுகூட முகர்ந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை மூடுகிற மணியை அடித்தேன். பாதிப் பேர் பதறிப்போய் கையில் இருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்கள். புளித்தது பீர்தான், என் மகள் நாக்கில் ஒரு குறையும் இல்லை, அன்று சிரித்தவர்கள் வெட்கப்படுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் வெட்கப்படுகிறேன் என்றேன். பிறகு வால்டர், "கெர்ரி வந்தா எங்க எல்லாரையும் கூப்புடு, நாங்களும் சொல்லணும்" என்றார்.

இப்போது இரண்டு கைப்பம்புதான் ஓடுகிறது, மூன்றாவதை நானே நிறுத்திவிட்டேன், இரண்டென்றால் நான்கு நாளில் தீர்ந்துவிடும். காலையில் நான் பிடித்துத் தருகிறேன், அப்பா முகர்ந்து பார்த்துச் சரி என்கிறார், இல்லையென்றால் வறுவல் என்கிறார். வறுவல் என்று இதுவரை ஒரே நாள்தான். பழைய ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் திரும்பிவிட்டார்கள், வால்டர் மட்டும் ஒரு பிட்டருக்கு ஒரு மாம்பழம் என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறார், பழகிவிட்டதாம்.

பீரைப் பற்றிய கவலை அவ்வளவுதான். இன்னொன்று இருக்கிறது. உன் அலமாரியில் பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நீ ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து அதை நான் துவைக்கவே இல்லை, எப்போதாவது எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன், உன் வாசனை இருக்கும். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன், இருக்கு க்ளெண்டா என்றார். அவர் பொய் சொல்ல மாட்டார். அதனால் இன்னும் துவைக்கவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருங்கள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மாப்பிள்ளையை முதுகு வலிக்கு டாக்டரிடம் போகச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நான்தான் எடுப்பேன், மழையைக் கேட்காதே. அடுத்த முறை வரும்போது முதல் கிளாஸ் உனக்குத்தான், புளித்தால் என் காதில் சொல்லாதே, சத்தமாகச் சொல்.

உன் அம்மா,
க்ளெண்டா