பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் இருந்த வரி

நேற்று மாம்பழச் சாலையில், கார் ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி ஒன்றின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். ஐம்பத்து நாலு வயசு, இடுப்பில் நழுவும் வேட்டி, கையில் கீரைக்கட்டு. டிரைவர் இறங்கி வந்து, "என்ன சார், ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டான். "எழுத்து பாக்குறேன் தம்பி" என்றேன். என்னையும் கீரையையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "பாத்துட்டு ஓரமாப் போங்க" என்றான். மரியாதையான பையன்.

அது உன் வண்டி. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் வீட்டில் அதை விற்று ஒன்றரை வருஷம். வாங்கியவன் முன்பக்கம் ஹாரன், லைட், கண்ணாடி என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். பின்பக்கத்தைத் தொடவில்லை. நீ அடித்த பச்சைப் பெயின்ட் வெயிலில் செதில் செதிலாக உரிந்து, அடியிலிருந்து மஞ்சள் எழுத்து எட்டிப் பார்க்கிறது. "கீறல் இல்லாமல் கொண்டு சேர்ப்போம்." முதலில் ஒரு 'கீற', கடைசியில் ஒரு 'ப்போம்'. நடுவில் இருப்பது எனக்கு மனப்பாடம்.

அந்த வரியை நீ ஏன் அழித்தாய் என்று ஊரில் நாலு விதமாகப் பேசினார்கள். அதில் இரண்டைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கேபினில் இடது பக்க சீட் எனக்கு. ஸ்ரீரங்கத்தில் ஏறினால், உறையூரில் யார் வீட்டில் பாகப்பிரிவினை, யார் பெண் யாரோடு பேசுகிறது என்று நான் ஒப்பித்துக்கொண்டே வருவேன். நீ "ம்" போடுவாய். பழுதாகி நிற்கும் கார் கண்ணில் பட்டால் அந்த "ம்"மும் நின்றுவிடும். இறங்கி, ஈரத்துணியால் காரைச் சுற்றித் துடைப்பாய். இழுக்க வந்தவன் எதற்குக் கழுவிக்கொண்டிருக்கிறான் என்று முதலில் சிரித்தேன். தூசி போனால்தானே கீறல் தெரியும். சொந்தக்காரரைக் கூப்பிட்டு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவாய். "இது பழசு. இதுவும் பழசு. இனிமே விழுந்தா என்னுதுங்க."

பிறகுதான் ஏற்றுவாய். பெல்ட்டை டயரின்மேல்தான் போடுவாய். "பாடியில கட்டினா பாடி நசுங்கும்டா. டயர் ரோட்டையே தாங்குது, பெல்ட்ட தாங்காதா?" பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு ஓரங்கட்டி, இறங்கிப் போய் எல்லா பெல்ட்டையும் மறுபடி இழுத்துப் பார்ப்பாய். "இப்பதானே இறுக்கின?" என்றால், "வண்டி உக்காந்ததும் தளரும். உன் வேட்டி மாதிரி" என்பாய். நீ பேசும் ஒன்றிரண்டு வாக்கியமும் இப்படி என் வேட்டியில் வந்து முடியும்.

இப்போது அந்த நாள்.

தில்லை நகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் புதுசாக கார் வாங்கி மூன்று வாரம். கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார். திருவெள்ளறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று சொல்லி, கெஞ்சி வாங்கிப் போனேன். மொபெட்டிலேயே போயிருக்கலாம். ஆனால் காரிலிருந்து இறங்கிப் பத்திரிகை வைப்பது போல் ஆகுமா?

திரும்பும்போது வயல்வெளி நடுவில் கார் நின்றுவிட்டது. உனக்குப் போன் போட்டேன். "ஆட்டோமேட்டிக்கா? அப்ப யாரையும் கயிறு கட்ட விடாதே. இன்ஜின் ஓடாம முன்சக்கரம் சுத்துச்சுன்னா கியர்பாக்ஸ் உள்ளார ஆயில் போகாது. வறுத்து எடுத்துடும். முக்கால் மணி நேரம். சும்மா நிழல்ல உக்காரு" என்றாய்.

என்னால் எங்கே சும்மா உட்கார முடிந்தது? டிராக்டரில் வந்த ஒருவர், "மெயின் ரோடு வரைக்கும் இழுத்து விடறேன் வாங்கண்ணே" என்றார். நீல நைலான் கயிற்றை பம்பருக்கு அடியில் எங்கேயோ கட்டினார். முதல் இழுப்பிலேயே 'டப்' என்றது. கல் என்று நினைத்துக்கொண்டேன். நாலு கிலோமீட்டர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தேன்.

நீ வந்தபோது டிராக்டர் போய்விட்டது. கார் மெயின் ரோட்டில் நின்றது. "இங்கேயேதான் நின்னுச்சு" என்றேன். நீ துணியை நனைத்துக்கொண்டு சுற்றி வந்தாய். முன்பக்கம் வந்ததும் குனிந்தாய். பம்பர் ஓரம் விரிந்திருந்தது. விரிசலில் சிக்கியிருந்த நீல நாரை நிதானமாகப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழியெல்லாம் நானும் வாய் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது ஒரு சாதனை.

தில்லை நகரில் இறக்கியபோது மாப்பிள்ளை பம்பரைப் பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடியது, கார் நகரவில்லை. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். என் தங்கை வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். சின்ன வயசிலிருந்து என் முகத்தைப் படித்தவள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "ஏத்தும்போது என் கையில நடந்துபோச்சுங்க சார். நான் செஞ்சு குடுத்துடறேன்."

மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை. உன் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டி, "பின்ன எதுக்குங்க அப்படி எழுதி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டாய். "நீ ஒண்ணும் செய்யலையேடா, எதுக்கு அழிக்கிற?" என்றேன். "என்னுதுன்னு சொல்லிட்டேன்ல. அப்புறம் அது இருக்கக் கூடாது" என்றாய். அதற்குப் பிறகும் எத்தனையோ காரும் லாரியும் இழுத்தாய். ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த வரியை மட்டும் நீ திரும்ப எழுதவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, "சொல்லிடட்டுமாடா?" என்று கேட்டேன். "சும்மா இரு. உன் தங்கச்சிதான் வீட்டுக்காரர்கிட்ட பேச்சு வாங்கும்" என்றாய். அப்போதும் என் வேட்டியை ஒரு பார்வை பார்த்தாய்.

நேற்று கீரையோடு நேராகத் தில்லை நகர் போனேன். மாப்பிள்ளையிடம் டிராக்டர், கயிறு, கையசைத்தது எல்லாம் சொன்னேன்.  பிறகு, "அந்த மனுஷன்கிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மச்சான்" என்றார். தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போதும் எந்த வண்டியில் ஏறினாலும் பத்து நிமிஷத்தில் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ்ஸில்கூட. நீ ஓரங்கட்டுவாய், இறங்கிப் போய் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாய் என்று உடம்பு காத்திருக்கிறது. யாரும் நிறுத்துவதில்லை. நான் வேட்டியை ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நேற்று தில்லை நகரிலிருந்து புறப்படும்போது மாப்பிள்ளை, "சரி மச்சான், முதல்ல கார் எதுக்குத்தான் நின்னுச்சு?" என்று கேட்டார். "ஏதோ வயரிங் கோளாறு" என்றேன். அன்று வழியில், டோல்கேட் பங்க்கில் நீ கேனில் பெட்ரோல் வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காரில் ஊற்றியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.