தனேஷின் தலைப் பொருக்கு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் பிள்ளை தனேஷும் ஏதோ இருக்கிறோம், நீ அந்த சரவாக் மழையில் நனையாமல், பள்ளிக்கூடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் லைன் அறுந்துபோகிறது, நீயும் பாதி கேட்டுவிட்டு அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் டீச்சராகப் பார்க்காமல் மகளாகப் படி. அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் தெரிந்துகொள். நான், உன் அப்பா, பக்கத்து வீட்டுக் கண்ணம்மா, நம் மாப்பிள்ளை ஜெயந்திரன், காஜாங்கிலிருந்து வந்த அவர் அக்கா ராஜினி. வேறு யாரும் இல்லை.

குழந்தைக்கு உச்சியில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது நீ இருக்கும்போதே ஆரம்பித்ததுதான். நீ போன பிறகு கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டு, நிறைய பிள்ளைகளுக்கு வருவதுதான், அழுக்கில்லை, தானாகப் போய்விடும், பிய்க்க மட்டும் கூடாது என்றாள். அவள் சொன்னபடிதான் செய்தேன். குளிப்பாட்டுவதற்கு முன் பேபி ஆயிலை விரலில் தொட்டு மெதுவாகத் தேய்ப்பேன், கொஞ்சம் ஊறியதும் மெத்தென்ற பிரஷால் நீவிவிட்டு, குழந்தை ஷாம்பு போட்டு எண்ணெய் தங்காமல் அலசுவேன். வருவது வரும், வராததை விட்டுவிடுவேன். மிஸ்ஸி சொன்னபோது மாப்பிள்ளையும் கூடத்தான் நின்றார், வேலை விட்டு வந்தால் அவர்தான் தலையைப் பிடித்துக்கொள்வார். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

ராஜினி வந்ததும் தொப்பியைக் கழற்றிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். என்ன ஆன்டி, சட்டி அடியில ஒட்டுன கெராக்கு மாதிரி இருக்கு, பிள்ளைக்குத் தலைக்கே ஊத்துறது இல்லையா என்றாள். அது அழுக்கில்லைமா, கை வைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் பால் கலக்க அடுப்படிக்குப் போனேன். கண்ணம்மா என்னோடு இருந்தாள், உன் அப்பா வழக்கம்போல டிவியைப் பார்த்தபடி தூங்கிவிட்டார். பிள்ளை வீறிட்டதும் ஓடிவந்தால் ராஜினி கையில் பேன் சீப்பு, தோல் உரிந்து ரத்தம். பச்சப்புள்ள தலைலா அது, தேங்காயா துருவுறே என்று கண்ணம்மாதான் கேட்டாள். அந்தத் தலையையே ராஜினி படம் எடுத்து, உங்கம்மா பார்த்துக்கிற லட்சணம் என்று உனக்கு அனுப்பினாள். நீயும் என்னம்மா செஞ்சீங்க என்று என்னைக் கேட்டாய். போகட்டும்.

மறுநாளே டாக்டரிடம் காட்டினோம், களிம்பு கொடுத்தார், புண் காய்ந்துவருகிறது, பயப்படாதே. இப்போது பிள்ளையைக் காஜாங்குக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். மாப்பிள்ளையைக் கேட்டால் ஜனகா சரின்னா சரி என்கிறார். எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது, இடுப்பு பிடித்துக்கொண்டால் எழுந்திருக்க முடிவதில்லை, கொண்டுபோனால் கொஞ்சம் தூங்கலாமே என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சீப்பு அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று நீயே உன் வாயால் சொல், நான் சொன்னால் சண்டை என்பார்கள்.

மாற்றல் கேட்டு மறுபடியும் எழுதிப் போட மறக்காதே. நீயும் உன் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் சீக்கிரம் வரட்டும், தீர்க்காயுசாக இரு. ராஜினி மேல் கோபம் இருக்கிறது, ஒருநாள் ஆறிவிடும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தும், அக்கா முகம் சுருங்கக் கூடாதென்று, அவள் சுரண்டி முடிக்கும்வரை பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தானே, அவனை நான் மன்னிக்க மாட்டேன், ஜெயந்திரனை.

இப்படிக்கு,
உன் அம்மா பூரணம்