நீ சமைத்த நான்கு நாட்கள்

இன்று காலை பக்கத்து வீட்டில் கோதுமை ரவை வறுத்தார்கள். அந்த வாசம் வந்ததும் கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன். பழனியில், சண்முகநதிக் கரையோரத்துப் பள்ளிக்கூடத்தின் பின்புறம், புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ மதிய உணவுக்கு ரவை கிண்டியது நினைவுக்கு வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. மொத்தம் நான்கு நாட்கள்தான் கிண்டினாய்.

உங்கள் நரிக்குறவர் கூட்டம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி நான் வந்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நீ மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அனுப்புறோம் சாமி. ஆனா பாசிமணி விக்க நாங்க ஊர் ஊராக் கெளம்பினா அதுகளும் கூடத்தானே வரணும்? எனக்கு இங்கயே ஒரு சோலி குடுங்க. எல்லாப் பிள்ளையவும் நான் பாத்துக்கிறேன்."

டீச்சர் வேலை பார்த்த எனக்குத் தோன்றாத யோசனை அது. பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாள் அப்போதுதான் வேலையை விட்டு நின்றிருந்தார். தலைமையாசிரியரிடம் மன்றாடி அந்த வேலையை உனக்கு வாங்கித் தந்தேன். உன் மகளோடு சேர்த்து ஏழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

நான்காம் நாள் ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்க பிள்ளைக இவ கையால திங்கணுமா டீச்சர்? இல்ல, வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிடவா?"

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தம்மாவப் போகச் சொல்லிருங்க" என்றார்.

"நல்லாத்தானே சமைக்கிறாங்க, சார்?"

"பிள்ளைக இல்லாம பள்ளிக்கூடம் ஏதும்மா?"

உன்னிடம் சொல்லப் பின்பக்கம் வந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள் நான்.

உன்னிடம் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் உன் காதில் விழுந்திருந்தது. கையைக் கழுவினாய். "வெந்துருச்சு சாமி. வெரசா எறக்கிருங்க, அடி பிடிச்சிரும்" என்றாய். நடந்தாய். ஏழு பிள்ளைகளும் காலித் தட்டுகளோடு உன் பின்னால் போனார்கள்.

சாயங்காலம் ஆற்றங்கரைக்கு ஓடி வந்தேன். கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தீர்கள். கொடைக்கானலில் பாசிமணி விற்கும் சீசன் தொடங்கவிருந்தது.

"மகளையாவது விட்டுட்டுப் போ" என்றேன்.

"யாரு வீட்டுல சாமி?"

நீ கோபத்தில் கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு என் வீடு நினைவுக்கு வந்தது, என் மாமியார் நினைவுக்கு வந்தார். நீ மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாய்.

ஏழெட்டு வருடம் கழித்துக் கொடைக்கானல் ஏரிக்கரையில் உன் மகள்தான் என்னை அடையாளம் கண்டாள். தோளில் பாசிமணி, இடுப்பில் குழந்தை. மலையில் வடகவுஞ்சிப் பக்கம் ஒரு மழைக்காலத்தில் நீ காய்ச்சல் கண்டு இறந்துபோனதாகச் சொன்னாள்.

"டீச்சரம்மா நமக்காகப் பேசுனாங்கன்னு அம்மா எப்பவும் சொல்லும்."

அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். நீங்கள் மலையேறிய மறுமாதம், பதிவேட்டில் அந்த ஏழு பெயர்களையும் அடித்தவள் நான். காரணம் என்ற இடத்தில், 'பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று எழுதச் சொன்னார்கள். உன் மகளின் பெயருக்கு நேராகவும் எழுதினேன்.