பானெட்டில் விழுந்த கீறல்

14-11-1980, வெள்ளி

புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த பியட் காரை இன்று காலை கோவில் வாசலில் பூஜைக்கு நிறுத்தினோம். "தேங்காயைக் கொஞ்சம் தள்ளிப் போய் உடைக்கறேனே, ராஜம்" என்றார் இவர். நான்தான் கேட்கவில்லை. வண்டிக்கு நேர் முன்னால் உடைத்தால்தான் திருஷ்டி கழியும் என்று பிடிவாதம் பிடித்தேன். உடைத்தார். சிரட்டைச் சில்லு தெறித்து பானெட்டில் கீறல் விழுந்துவிட்டது.

வீடு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வண்டிப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மத்தியானம் முழுக்க பாலிஷ் போட்டுத் தேய்த்தார். நகத்தால் தடவினால் தட்டுப்படாத சின்னக் கீறல்கள் மறைந்தன. ஆழமாக விழுந்த ஒன்று மட்டும் போகவில்லை.

சாயங்காலம் பெரிய நாத்தனார் வண்டி பார்க்க வந்தாள். என் பூஜை புனஸ்காரத்தை ஏற்கெனவே கேலி பண்ணுகிறவள். விஷயம் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். நேரே அந்தக் கீறலில்தான் விரலை வைத்தாள்.

"என்னடா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "பஜார்ல உந்துவண்டி தள்ளிண்டு வந்தவனுக்கு வழி விடறச்சே நான்தான் கோடவுன் கேட்டுல உரசிட்டேன், அக்கா."

"நாப்பது வயசுல வண்டி கத்துண்டா இப்படியாக்கும்! கண்ணைத் தொறந்துண்டு ஓட்டுடா."

தான் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காத மனுஷர், சிரித்துக்கொண்டே சாயா குடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளையாரப்பா, அந்தப் பொய்யை அவர் கணக்கில் எழுதாதே. என் பேரில் எழுதிக்கொள்.