உன் தளத்தில் 'இல்லை' இல்லை

எதற்கும் என்னை அவசரப்படுத்திக்கொண்டே இருந்த என் அன்பு மச்சாள் துளசிக்கு,

உன் இணையத்தளம் எழும்பிவிட்டது, மச்சாள்! "நான் கீறின படமெல்லாம் ஒரு இடத்தில இருக்கோணும், ஆரும் எங்க இருந்தும் பாக்கோணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ பிடித்த பிடியில், கம்ப்யூட்டர் கோட் என்றால் என்னவென்றே தெரியாத நான் ஓம் என்றுவிட்டேன். வேறென்ன செய்ய?

படங்கள் மாமியின் அலுமாரியில் இருந்தன. நீ போன பிறகு உன் அம்மா அதைத் திறக்கவேயில்லை. "நீயே எடு புள்ள, என்னால ஏலாது" என்று அலுமாரித் திறப்பை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். மாமி அவற்றை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து லாப்டொப்போடு மல்லுக்கட்டினேன். ஒரு வரி எழுதிச் சேமித்தால் அந்த நொடியே திரை மாறுகிறது! உன் நண்டுப் படத்துக்கு ஒரு பிரேம் செய்தேன். அதே பிரேமுக்குள் கொக்கும் இறாலும் நம் செட்டிபாளையத்துக் கடலும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. போனில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒதுங்கி நிற்கின்றன, பெரிய திரையில் பரந்து விரிகின்றன. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வெளியிட்ட கையோடு கனடாவிலிருந்து உன் அண்ணன் போன் எடுத்தார். "கொக்கு வந்திட்டு" என்றார். வாவிக்கரையில் நீ கீறிய கொக்கு பனிக்குள் போய் இறங்கிவிட்டதே, இது என்ன அதிசயம், மச்சாள்?

மாமியிடம் போனை நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு மெல்ல நண்டைத் தொட்டார். அது பெரிதாகி எழுந்ததும் "ஐயோ, என்ர புள்ள!" என்று அழுதுகொண்டே சிரித்தார். அடுத்து இறாலைத் தொட்டார். அந்த லிங்க்கில் நான் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தேன். வெறுந்திரையில் "இப்பக்கம் இல்லை" என்று வந்தது. மாமியின் முகம் விழுந்துபோனது.

"இதென்ன புள்ள எழுதி வச்சிருக்காய்? எங்கட வீட்டில உப்பு முடிஞ்சாக்கூட இல்ல எண்டு சொல்றதில்லையே. இவளுக்குப் போய் இல்ல எண்டு போடலாமா?"

எல்லாத் தளங்களிலும் அப்படித்தான் என்று நான் விளக்கப் போகவில்லை. "அப்ப என்ன மாமி போட?" என்றேன்.

மாமி யோசிக்கவேயில்லை. "படலையில ஆரும் கூப்பிட்டா அவள் உள்ளுக்க இருந்து என்ன சொல்லுவாள்? அதப் போடு."

போட்டேன். இனி யார் வழிதவறி எந்த மூலைக்கு வந்தாலும் உன் தளம் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இருங்க, வாறன்."

இறாலுக்குச் சரியான லிங்க் ஒன்றைப் புதிதாகப் போட்டுவிட்டு, பிழையானதை அழிக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கிடக்கட்டும் புள்ள."

இப்போது அவர் உன் படங்களையெல்லாம் பார்க்கிறார். பார்த்து முடிந்ததும் அந்தப் பிழையான லிங்க்கைத் தொட்டு, "இருங்க, வாறன்" வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். இந்தத் தளத்தில் எதைத் திருத்தினாலும் அதை மட்டும் நான் திருத்தமாட்டேன், மச்சாள். இது உனக்குச் சத்தியம்.

உன்னோடு இன்னும் சண்டை முடியாத,
மச்சாள் வசந்தி